ஒரு வக்கீல், ஒரு நர்ஸ், ஒரு சொல்தா, ஒரு ஸ்டெனோ

1. முதல் நாள்

நான் புதுச்சேரி கோர்ட்டில் ஸ்டெனோவாகச் சேர்ந்த முதல் நாளே ஒரு சாட்சி என்னை வியர்க்க வைத்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. பக்கத்து வீட்டுக்காரர் மீது அவரே கொடுத்த புகார். கூண்டில் ஏறித் தமிழில் பேசினார். நீதிபதி அதைக் கேட்டு ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் வராத காலம். ஒரு எழுத்து தப்பினாலும் கார்பன் காப்பிகள் எல்லாவற்றிலும் தப்பும் என்பதால் என் கண் முழுக்கத் தாளில் இருந்தது. காது மட்டும் கூண்டின் பக்கம்.

விசாரணை முடிந்து கையெழுத்துப் போட வந்தவர், பேனாவை வாங்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"நான் சொன்னதத்தான் அடிச்சிருக்கியாம்மா?"

முதல் நாள் வேலைக்கு வந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? நான் நீதிபதியைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, "படிச்சுக் காட்டும்மா, தமிழ்ல" என்றார்.

தாளைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். "அவர் என்னைத் தள்ளினார், நான் படியில் விழுந்தேன்" என்ற இடத்தில் அந்த அம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"தள்ளலைங்க. தள்ற மாதிரி வந்தாரு. நான்தான் பயந்து பின்னால போயி விழுந்துட்டேன்."

"அவர் மேலதான புகார் குடுத்திருக்கீங்க?" என்றார் நீதிபதி.

"கோவம் இருக்குதுங்கய்யா. அதுக்காக செய்யாதத செஞ்சாருன்னு நான் சொல்லல. சொன்னதா எழுதவும் வேணாம்."

நீதிபதி அந்த வாக்கியத்தை நீக்கச் சொல்லி, புதிதாகச் சொன்னார். அந்த அம்மா மறுபடி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஓய்வு பெறும்வரை நான் அந்த நாற்காலியில்தான் இருந்தேன். ஒரு மனுஷர் வாயிலிருந்து வரும் சொல், எதிரில் இருப்பவர் பேனாவுக்குள் போவதற்குள் என்னவெல்லாம் ஆகும் என்று கேட்டால் என்னால் ஒரு நாள் முழுக்கப் பேச முடியும். எனக்குத் தெரிந்த தொழில் அதுதான்.

2. சாவியோடு உட்கார்ந்திருந்த அம்மா

ஓய்வுக்குப் பிறகு ரெட்டியார்பாளையம் வீட்டில் இருந்தபோது கருணாகரன் சார் வந்தார். சிவில் வக்கீல். அவருடைய குறுக்கு விசாரணைகளை நிறையவே தட்டச்சு செய்திருக்கிறேன். கத்தாமல் பேசுகிறவர், அதனால் எனக்குப் பிடிக்கும்.

"பிலோமினாம்மா, ஜனங்களுக்கு சட்டம் சொல்லிக்குடுக்க ஒரு அமைப்பு ஆரம்பிச்சிருக்கேன். லாபநோக்கு இல்லாதது. நிர்வாகக் குழுவுல நீங்க இருக்கணும்."

"நான் சட்டம் படிக்கலையே சார்."

"வக்கீலுங்க பேசறத இத்தன வருஷம் உக்காந்து கேட்டிருக்கீங்க. அந்தப் பொறுமை போதும்."

முதல் வகுப்பு மீனவர் ஊரான பிள்ளைச்சாவடியில், கோயிலை ஒட்டிய ஹாலில். ஹால் நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். சார் நன்றாகத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். சட்டத்தின் பெயர், பிரிவு, உட்பிரிவு, உச்ச நீதிமன்றம் சொன்னது என்று ஒன்றுவிடாமல் பேசினார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் முதலில் கடைசி வரிசை எழுந்தது. அப்புறம் கரையில் போட் வந்துவிட்டது என்று ஒரு குரல் கேட்டதும் நடு வரிசைகள் எழுந்தன. முடிவில், ஹாலைப் பூட்ட வேண்டிய அம்மா மட்டும் சாவியோடு உட்கார்ந்திருந்தார்.

காரில் ஏறியதும் சார் தன் குறிப்புத் தாள்களை மடித்து வைத்தார். பிறகு சொன்னார்:

"நான் நீதிபதிகிட்ட பேசிட்டிருந்தேன், பிலோமினாம்மா. அங்க நீதிபதி யாரும் இல்ல."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் ஊர் வந்து சேர்வதற்குள் அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"என்கிட்ட வர்றவங்க ஃபைலோட வருவாங்க. அழுது முடிச்சி, நாலு பேர்கிட்ட கேட்டு, மனசத் தேத்திக்கினுதான் வருவாங்க. அதுக்கு முன்னால, பயம் புதுசா இருக்கும்போது அவங்கள பாக்கறது யாரு? அந்த வேலைய செஞ்சவங்கதான் குழுவுக்கு வேணும். இன்னும் ரெண்டு வக்கீலச் சேத்தா இன்னும் ரெண்டு ஹால் காலியாகும்."

3. ஆள் சேர்ந்த கதை

முதலில் வந்தவர் கலாவதி சிஸ்டர். கதிர்காமத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் எமர்ஜென்சி வார்டில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். சாரின் தம்பி விபத்தில் அடிபட்டபோது பழக்கம். எப்போதும் தணிந்த குரலில்தான் பேசுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"கேஷுவாலிட்டில நாம சத்தம் போட்டா அவங்களுக்கு சத்தம் மட்டுந்தான் கேக்கும். என்ன சொன்னோம்னு கேக்காது. மெதுவாப் பேசுனா, கேக்கறதுக்காகவாவது அழுகைய நிறுத்துவாங்க."

குழுவில் சேர அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். "மீட்டிங் போட்டு டீ குடிச்சிட்டுத் தீர்மானம் எழுதற வேலைன்னா நான் வரல. அத சர்வீஸ்லயே முடிச்சிட்டேன்."

அடுத்தவர் அந்துவான். பிரெஞ்சில் ஐயா என்பதுபோல எல்லோரும் அவரை முசியே என்போம். எங்கள் ஊரில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர்களைச் சொல்தா என்போம். இவரும் சொல்தாதான், ஆனால் கடைசிப் பல வருஷங்கள் புதிதாகச் சேர்கிற பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருந்தவர். அண்ணன் வீட்டுப் பத்திரம் விஷயமாகக் கேட்க எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். உள்ளே சார் அடுத்த வகுப்பில் பேசப்போவதை என்னிடம் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். முசியே வெளியே உட்கார்ந்து முழுவதையும் கேட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"மேத்ர்," என்றார். பிரெஞ்சில் வக்கீலை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நீங்க சொன்னது எனக்கு நல்லாப் புரிஞ்சுது. ஆனா புரிஞ்சது வேற, நேரத்துக்கு வாயில வர்றது வேற. குண்டு வெடிக்கும்போது பசங்க படுக்கணும்னா, அது வெடிக்காத நாள்ல நான் அவங்கள படுக்க வச்சிருக்கணும். திரும்பத் திரும்ப. சண்டக்காரன் மாதிரி கத்திக்கினே."

சார் அவரிடம் பத்திரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. குழுவில் சேருகிறீர்களா என்றுதான் கேட்டார்.

இப்படி நால்வரானோம். அமைப்பின் இணையதளத்தில் நிர்வாகக் குழு என்ற பக்கத்தில் எங்கள் படங்களையும் பார்த்த வேலைகளையும் போட்டபோது, பார் அசோசியேஷனில் ஒரு மூத்த வக்கீல் எல்லோர் எதிரிலும் கேட்டாராம்: "கருணாகரா, சட்டம் சொல்லிக்குடுக்கற இடத்துல சட்டம் படிச்சவன் நீ ஒருத்தந்தானா? மத்தவங்க பெஞ்சு நெரப்ப வந்தவங்களா?"

"இல்ல சார்," என்று இவர் சொன்னாராம். "பெஞ்சுல உக்காந்தவங்க எழுந்து ஓடாம பாத்துக்க வந்தவங்க."

எனக்கு அந்தக் கேள்வி கொஞ்ச நாள் உறுத்தியது. ஸ்டெனோ என்ற சொல்லைப் படத்துக்குக் கீழே பார்க்கும்போதெல்லாம் உறுத்தும். வகுப்பு எடுக்க ஆரம்பித்ததும் அதற்கெல்லாம் நேரம் இல்லாமல் போனது.

4. அன்கோர்

இரண்டாவது முறை பிள்ளைச்சாவடிக்குப் போவதற்கு முன், என்ன சொல்லிக்கொடுப்பது என்று நால்வரும் சண்டை போட்டோம். உண்மையான சண்டை. சார் ஒரு வாக்கியம் சொல்வார், சட்டப்படி சரியாக இருக்கும். முசியே அதை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை என்பார். நான் பாதியை வெட்டுவேன். வெட்டியதில் சட்டம் போய்விட்டது என்று சார் திரும்ப ஒட்டுவார். சிஸ்டர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இது மொறைக்கிற மாதிரி இருக்குது, சொல்றவங்க அடி வாங்குவாங்க" என்பார். அப்படி அரைத்து எடுத்ததில் ஒன்று இது:

"எழுதினத எனக்குப் படிச்சுக் காட்டுங்க. சரியா இருந்தா கையெழுத்துப் போடறேன். எனக்கு ஒரு காப்பி குடுங்க."

போலீஸில் புகாராகப் பதிவு செய்யும் வாக்குமூலத்தைக் கொடுத்தவருக்குப் படித்துக் காட்ட வேண்டும், இலவசமாக ஒரு நகலும் தர வேண்டும் என்பது சட்டம். இதை ஹாலில் சார் சுருக்கமாகச் சொன்னார். பிறகு முசியே ஒரு காக்கித் தொப்பியை மாட்டிக்கொண்டு போலீஸாக எழுந்து நின்றார். ஒவ்வொருவராக அழைத்து, மேசையைத் தட்டி, "கையெழுத்துப் போடும்மா, நேரமாவுது!" என்று அதட்டினார். பெண்கள் சிரித்தார்கள். ஆனால் எதிரில் போய் நின்றால் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

"அன்கோர்!" என்பார் முசியே. இன்னொரு தடவை என்று அர்த்தம்.

அன்று மிகவும் திணறியவள் ரோசலி. முப்பது வயது இருக்கும். வைட் டவுனில் ஒரு ஹோட்டலில் லாண்ட்ரியில் வேலை. கணவன் சேவியர் அதே ஹோட்டலில் டிரைவர். முசியே மேசையைத் தட்டியதும் இவள் குனிந்து பேனாவை எடுத்துவிட்டாள்.

"அன்கோர்!"

"முசியே, நெசமா போலீஸ் வந்தா நான் பேச மாட்டேன். என் வீட்டுக்காரரு பேசுவாரு."

"அவரு இல்லன்னா?"

"என் மாமியாரு பேசுவாங்க."

ஹாலே சிரித்தது. மாமியாரைத் தெரிந்தவர்கள் போல.

"அவங்களும் இல்லன்னா?"

ரோசலி யோசித்தாள். பிறகு சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு அந்த மூன்று வாக்கியங்களையும் சொன்னாள். குரல் நடுங்கியது, ஆனால் ஒன்றையும் விடவில்லை. சிஸ்டர் அவள் அருகில் போய், "இதே குரல் போதும். கத்த வேணாம்" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்புக்கும் ரோசலி வந்தாள். கூட வேலை செய்யும் மாலாவையும் அழைத்து வந்தாள்.

5. மாலாவின் போன்

மழைக்காலம் முடிகிற சமயம். ஒரு மத்தியானம் நாங்கள் அலுவலகத்தில் இருந்தபோது மாலாவிடமிருந்து போன். ஒரே அழுகை. சிஸ்டர் போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"மாலா, மெதுவா. யாருக்கு?"

"ரோசலிக்கு சிஸ்டர். பெட்ஷீட் தேய்க்கிற ரோலர்ல கை மாட்டிக்கிச்சு. மெஷின நிறுத்தி எடுத்துட்டாங்க. வெரலெல்லாம்..."

"பேசறாளா?"

"பேசறா. மேனேஜரு கார்ல ஏத்திக்கினு இருக்காரு. அவருக்குத் தெரிஞ்ச கிளினிக்குக்குப் போறோம்னு சொல்றாரு."

"சுத்தமான துணி சுத்தி கைய மேல தூக்கிப் புடி. மோதிரம் போட்டிருந்தா இப்பவே கழட்டு, அப்புறம் வீங்கிடும். கிளினிக் வேணாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லு. வெரலக் காப்பாத்தணும்னா அங்கதான் முடியும்னு சிஸ்டர் சொன்னாங்கன்னு சொல்லு. சண்ட போடாத. அத மட்டும் சொல்லு."

காரில் ஏறிய மாலா அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். மேனேஜர் கடைசியில் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. பயந்திருந்தார். ஆனால் அந்தப் பயத்தில் வழியெல்லாம் ரோசலியிடம் ஒன்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்: "டாக்டர் கேட்டா வீட்ல ஆச்சுன்னு சொல்லிடும்மா. செலவெல்லாம் நாங்க பாத்துக்கறோம். ஹோட்டல் பேர் வெளிய வந்தா எல்லாருக்கும் கஷ்டம்."

சிஸ்டரும் நானும் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது ரோசலி ஸ்ட்ரெச்சரில் இருந்தாள். முகம் வெளுத்திருந்தது. சேவியர் பக்கத்தில் நின்றான். அவனுக்கும் அதே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. சின்ன வயது டாக்டர் ஒருவர் கையைப் பார்த்துக்கொண்டே, "எப்படி ஆச்சு?" என்றார்.

சேவியர்தான் வாயைத் திறந்தான். "வீட்ல சார்..."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். ரோலரில் நசுங்கி வெந்த கை வீட்டில் எப்படி வரும் என்று அவர் யோசித்திருப்பார். சிஸ்டர், "டாக்டர், ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு சேவியரைத் தோளில் தொட்டு வெளியே அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன்.

"தம்பி, உன் வேலையப் பத்தித்தான பயம்?"

அவன் அழுதுவிட்டான். "ரெண்டு பேருக்கும் அங்கதான் சிஸ்டர் சோறு. அவ கை போச்சு. என் வேலையும் போச்சுன்னா?"

"பயப்படறது சரிதான். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. டாக்டர் இப்ப எழுதறதுதான் முதல்ல எழுதறது. நாளைக்கு நீங்க உண்மையச் சொன்னாலும், அன்னிக்கு ஏன் வேற சொன்னீங்கன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. கை அவளோடது. என்ன ஆச்சுன்னு அவ சொல்லட்டும். நீ பக்கத்துல நில்லு, போதும்."

உள்ளே திரும்பிப் போனோம். டாக்டர் மறுபடி கேட்டார். சேவியர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரோசலி அவனைப் பார்த்தாள், பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

"ஹோட்டல்ல சார். பெட்ஷீட் மெஷின்ல."

அவ்வளவுதான் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டார். வேலை செய்யும் இடத்தில் நடந்த விபத்து என்பதால் ஆஸ்பத்திரியிலிருந்து போலீஸுக்குத் தகவல் போனது. ஆபரேஷனில் இரண்டு விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை. கட்டை விரலும் மற்ற இரண்டும் மிஞ்சின.

6. வார்டில் ஒரு காலை

ரோசலி பேசும் நிலைக்கு வந்த பிறகு, போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வாக்குமூலம் வாங்க ஆள் வருகிறார் என்று தெரிந்தது. கருணாகரன் சார் எங்களை ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார வைத்துக் கண்டிப்பாகச் சொன்னார்:

"வார்டுல நம்மள்ல யாரும் வாயத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்த எடுத்துக் குடுத்தாலும் போச்சு. நாம சொல்லிக்குடுத்ததத்தான் ரோசலி சொன்னாங்கன்னு எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில உடைச்சிடுவார். நானா இருந்தா அப்படித்தான் உடைப்பேன்."

"அவ தப்பா எதாச்சும் சொல்லிட்டா?" என்றேன்.

"அவங்க சொன்னது அவங்க சொன்னதா இருக்கணும். அதுதான் நமக்கு பலம். முக்கியமா உங்களத்தான் சொல்றேன், பிலோமினாம்மா. உங்க காது சும்மா இருக்காது."

வந்தவர் நடுத்தர வயது ஏட்டு. மரியாதையாகத்தான் பேசினார். ரோசலி சொன்னாள். ரோலருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருக்கும், கை உள்ளே போகாமல் அது காக்கும். வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று அதைக் கழற்றி வைத்துவிட்டார்கள். திரும்ப மாட்டச் சொல்லி அவளும் மாலாவும் சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறார்கள். சீசன் முடியட்டும் என்றார்களாம். அன்று ஷீட்டின் மடிப்பை எடுத்துவிடும்போது ஓரம் சுற்றிக் கையை இழுத்துவிட்டது.

ஏட்டு எழுதிக்கொண்டே வந்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எழுதும் வேகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும், சொன்னது போகிறதா, எழுதுகிறவர் மனசில் இருக்கிறது போகிறதா என்று. ரோசலி நீளமாகப் பேசிய இடத்தில் அவர் பேனா ஒரே வரியில் நின்றது. வருவதற்கு முன் ஹோட்டலுக்குப் போய் அவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. ஏதோ விடுபட்டுவிட்டது என்று என் காது கத்தியது. முப்பது வருஷப் பழக்கம். வாயைத் திறக்கப் போனேன். வாசலில் முசியே அந்துவான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்து மெல்லத் தலையை அசைத்தார், வேண்டாம் என்று. நான் என் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சரிம்மா, வலது கை கட்டுல இருக்கு. எடது கை கட்டவெரல் ரேகை வச்சிடு." ஏட்டு மைப் பெட்டியைத் திறந்தார்.

சேவியர் அவள் இடது கையைப் பிடித்துத் தூக்கினான். ரோசலி கையை அவனிடமிருந்து விடுவித்துக்கொண்டாள்.

"எழுதினத எனக்குப் படிச்சுக் காட்டுங்க சார்."

"நீ சொன்னதத்தான்மா எழுதியிருக்கேன்."

"சரிங்க சார். படிச்சுக் காட்டுங்க. சரியா இருந்தா ரேகை வைக்கறேன்."

கத்தவில்லை. ஹாலில் பேசிய அதே குரல். நடுக்கம் இருந்தது. ஏட்டு ஒரு கணம் அவளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நாங்கள் யாரும் அசையவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "வேலை நேரத்தில் கவனக்குறைவாக ரோலருக்கு அருகில் கையைக் கொண்டு சென்றதால்" என்று வந்தது.

"அது நான் சொல்லல சார்."

"கை பக்கத்துல போனதாலதான இழுத்துச்சு?"

"என் வேலையே பக்கத்துல கை கொண்டு போறதுதான் சார். அதுக்குத்தான் கம்பி போட்டிருக்கறது. அந்தக் கம்பிய கழட்டிட்டாங்கன்னு சொன்னேன். மாட்டுங்கன்னு கேட்டோம்னு சொன்னேன். அது ரெண்டும் இல்லையே."

ஏட்டு பேனாவை மூடித் திறந்தார். பிறகு, அவரைக் குறை சொல்ல மாட்டேன், புதுத் தாள் எடுத்தார். "மெதுவாச் சொல்லும்மா, சொல்றத அப்படியே எழுதறேன்" என்றார். இந்த முறை பேனா நிற்கவில்லை. முழுவதையும் படித்துக் காட்டினார். ரோசலி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு ரேகை வைத்தாள்.

"எனக்கு ஒரு காப்பி, சார்."

"ஸ்டேஷன்ல பதிவு பண்ணதும் உங்க வீட்டுக்காரர்கிட்ட தரேன்."

"என்கிட்டயே தாங்க சார். நான் இங்கதான் இருப்பேன்."

நான் வெளியே வந்தேன். முசியே அந்துவான் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைவிட அவருக்குத்தான் அதிகம் வியர்த்திருந்தது. "மதாம்," என்றார், "ராணுவத்துல ஒருநாளும் எனக்கு இப்படி வேர்த்ததில்ல."

7. பிறகு

வாக்குமூலம் சரியாக அமைந்தால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கருணாகரன் சார் அதற்குப் பிறகு செய்த வேலை நிறைய. தொழிலாளர் துறையில் நஷ்டஈட்டு மனு, சூப்பர்வைசரின் மறுப்பு, ஹோட்டல் தரப்பு வக்கீல் வாங்கிய வாய்தாக்கள். சேவியரை ஹோட்டல் கார் ஓட்டுவதிலிருந்து நீக்கி வாட்ச்மேன் வேலைக்கு மாற்றினார்கள். ஒருநாள் அலுவலகத்துக்கு வந்து சாரிடம், "கேச வாபஸ் வாங்கினா என்னைத் திரும்ப வண்டில ஏத்துவாங்களாம் சார்" என்றான்.

"உங்க கேஸ் இல்லையே சேவியர். ரோசலியக் கேளுங்க."

"கேட்டேன். மொதல்ல கம்பிய மாட்டச் சொல்லுன்னா."

குறுக்கு விசாரணையில் ஹோட்டல் வக்கீல் ரோசலியை மடக்கப் பார்த்தார். யார் சொல்லிக்கொடுத்து இப்படிச் சொல்கிறாய் என்று கேட்டார். டாக்டரிடம் அவள் சொன்னது, ஏட்டு எழுதியது, மாலாவின் சாட்சியம் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போனதால் அந்தக் கேள்வி எங்கும் போகவில்லை. உத்தரவு ரோசலிக்குச் சாதகமாக வந்தது. ஹோட்டல் மேல்முறையீடு செய்யவில்லை. மெஷினில் தடுப்புக் கம்பி ஏறியது. சேவியர் அதற்குள் ஒரு ஸ்கூல் வேன் ஓட்ட ஆரம்பித்திருந்தான். திரும்பிப் போகவில்லை. ரோசலி போனாள். துணி அடுக்கிக் கணக்கு எழுதும் லினன் ரூமில் வேலை. இடது கையால் எழுதப் பழகியிருந்தாள்.

ஆறேழு மாதம் கழித்து ஹோட்டல் மேனேஜரே எனக்குப் போன் செய்தார். தயங்கித் தயங்கிப் பேசினார். "எங்க ஸ்டாஃபுக்கும் அந்த க்ளாஸ எடுப்பீங்களா மேடம்? புது ஓனர் கேக்கறாரு."

குழுவில் இதற்கும் சண்டைதான். போகக் கூடாது என்றார் முசியே. போகத்தான் வேண்டும் என்றார் சிஸ்டர். சார் இருவரையும் கேட்டுவிட்டு, "ரோசலி என்ன சொல்றாங்களோ அதான்" என்றார். ரோசலி ஒரே நிபந்தனை போட்டாள். வகுப்பை லாண்ட்ரியில் வைக்க வேண்டும், அவள்தான் எடுப்பாள்.

போனோம். மெஷின்களை நிறுத்திவிட்டு நடுவில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். அறை வேலைக்காரர்கள், சமையலறைப் பையன்கள், தோட்டக்காரர் எல்லோரும் சுற்றி நின்றார்கள். மேனேஜர் கடைசி வரிசையில் நின்றார். சார் சட்டத்தைச் சுருக்கமாகச் சொன்னார். பிறகு ரோசலி முசியேயிடமிருந்து காக்கித் தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். பார்வையைச் சுற்றவிட்டு, "சார், நீங்க வாங்க" என்றாள்.

மேனேஜர் திகைத்தார். "நானா?"

"நீங்கதான் சார். உங்களுக்கு அடிபட்டிருக்குது. நான் போலீஸு."

அவர் வந்து நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டார், எடுத்தார். ரோசலி மூன்று விரல் உள்ள கையால் மேசையைத் தட்டினாள். சத்தம் பலமாகத்தான் வந்தது. "கையெழுத்துப் போடுங்க, நேரமாவுது!"

அவர் பேனாவை எடுத்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார், ஆனால் முகம் சிவந்துவிட்டது. ரோசலி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க சார். எனக்கும் மொதல்ல வரல. திரும்பப் பண்ணலாம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். மூன்றாவது தடவையில் சரியாகச் சொன்னார்.

இளைய வக்கீல்கள் சிலர் இப்போது வந்து, நாங்களும் இப்படி ஓர் அமைப்பு தொடங்குகிறோம், குழுவில் யாரைச் சேர்ப்பது என்று கேட்கிறார்கள். நல்ல வக்கீல் ஒருவர் கட்டாயம் வேண்டும் என்று முதலில் சொல்வேன். அவர் இல்லாமல் நாங்கள் வார்டில் வாயைத் திறந்து எல்லாவற்றையும் கெடுத்திருப்போம். மற்றவர்களைச் சேர்க்கும்போது என்ன படித்தீர்கள் என்று நான் கேட்பதில்லை. பயந்துபோன ஒரு மனுஷரின் எதிரில் உங்கள் வேலை உங்களை எத்தனை தடவை கொண்டுபோய் நிறுத்தியது, அப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்பேன். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர்கள் நம் ஊரில் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். போன மாதம் குழுவில் ஐந்தாவது இடத்துக்கு ரோசலியின் பெயரை நான்தான் முன்மொழிந்தேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. இணையதளத்தில் அவள் படத்துக்குக் கீழே எந்தத் தொழிலைப் போடுவது என்று கேட்டேன்.

"லாண்ட்ரின்னே போடுங்க மேடம்," என்றாள். "அதுல என்னா இருக்குது."